ஸ்பார்க்கிங்! ஜீரோ: மசாகோ நொசாவாவின் குரலுக்காகவே வாங்கலாம்

கேமைப் போட்டதும் முதல் வேலையாக ஆப்ஷன்ஸுக்குப் போய் குரல் மொழியை ஜப்பானியத்துக்கு மாற்றிவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். ‘டிராகன் பால்’ என்ற ஜப்பானிய அனிமே (கார்ட்டூன்) தொடரை வைத்து வந்த சண்டை கேம் ‘டிராகன் பால்: ஸ்பார்க்கிங்! ஜீரோ’. அதற்கு வந்த ரிவ்யூக்களில் பெரும்பாலானவை கிராபிக்ஸ், கேரக்டர் எண்ணிக்கை, ஆன்லைன் மேட்ச் என்றே பேசுகின்றன. அதெல்லாம் முக்கியம்தான், நானும் சொல்கிறேன். ஆனால் இந்த கேமில் என்னைப் பிடித்து உட்கார வைத்தது ஒரு நடிகையின் குரல். பெயர் மசாகோ நொசாவா. பிறந்தது 1936 அக்டோபர் 25. கேம் வெளியானது 2024 அக்டோபர் 11. அதாவது 88 வயது முடிய இரண்டே வாரம் பாக்கி இருந்தது. கதாநாயகன் கோகு, அவன் மகன்கள் கோஹான், கோட்டென், அவன் அப்பா பார்டாக், அவனை அச்சில் வார்த்தது போலிருக்கும் டர்லஸ், அவன் உடம்பையே திருடிக்கொண்டு வந்த கோகு பிளாக், இத்தனை பேருக்கும் அவர் ஒருவர்தான் பேசியிருக்கிறார்.

முதலில் கேம் என்ன என்று சொல்லிவிடுகிறேன். தயாரித்தது ஸ்பைக் சுன்சாஃப்ட், வெளியிட்டது பண்டாய் நாம்கோ. வெளிநாடுகளில் ‘புடோக்காய் தென்காய்ச்சி’ என்ற பெயரில் வந்த வரிசையின் தொடர்ச்சி இது. மூன்றாவது பாகம் 2007-இல் வந்தது, அதன்பின் 17 வருடம் இடைவெளி. ஜப்பானில் இந்த வரிசைக்கு ஆரம்பத்திலிருந்தே ‘ஸ்பார்க்கிங்!’ என்றுதான் பெயர். முதுகுக்குப் பின்னால் கேமரா, பரந்த மைதானம், பறந்து பறந்து அடி, மலை உடையும், கட்டடம் சரியும். வெளியானபோதே 182 கேரக்டர்கள். முதல் 24 மணி நேரத்தில் உலகம் முழுக்க 30 லட்சம் பிரதி விற்றதாக அறிவித்தார்கள். கண்ட்ரோல் பழக நேரம் பிடிக்கும், ஆனால் கை பழகிவிட்டால் அனிமே சண்டையை நாமே நடத்துகிற உணர்வு வரும். இந்த வரிசைக்காகக் காத்திருந்தவர்களுக்கு நான் எதுவும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, அவர்கள் எப்போதோ வாங்கியிருப்பார்கள்.

சரி, குரலுக்கு வருகிறேன்.

முதலில் ஒரு காரியம் செய்து பாருங்கள். ஐந்து பேர் கொண்ட டீம் ஒன்றை அமைக்கலாம் அல்லவா, அதில் பார்டாக், கோகு, பதின்ம வயது கோஹான், கோட்டென், கடைசியில் கோகு பிளாக் என்று போடுங்கள். ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு ஒவ்வொருவராக மாற்றி மாற்றி இறக்கி விளையாடுங்கள். ஐந்தும் ஒரே தொண்டை. ஆனால் திரையைப் பார்க்காமலே இப்போது யார் இறங்கியிருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். ஒரே வீட்டுப் பிள்ளைகள் நாலு பேரும் போனில் ஒரே மாதிரித்தான் ‘ஹலோ’ சொல்வார்கள், ஆனாலும் எந்தப் பிள்ளை என்று அம்மாவுக்கு உடனே தெரிந்துவிடும், அந்த மாதிரி. குரலின் உயரத்தைக் கூட்டிக் குறைத்து ஆளை மாற்றுவது எளிய வித்தை, பலகுரல் கலைஞர்கள் எல்லாரும் செய்வார்கள். நொசாவா செய்வது அது மட்டுமில்லை. ஒவ்வொருவனும் மூச்சை எங்கிருந்து எடுக்கிறான், வாக்கியத்தின் கடைசியை எப்படி விடுகிறான், அடி வாங்கும்போது ஆத்திரப்படுகிறானா, ஆச்சரியப்படுகிறானா, அதெல்லாம் மாறுகிறது.

கோகுவின் குரலில் எப்போதும் ஒரு திறந்தவெளி இருக்கிறது. காட்டில் வளர்ந்தவன், நாட்டுப்புறப் பேச்சு, பசி வந்தால் பசி என்று சொல்கிறவன். சண்டையில் எதிராளி தன்னைவிடப் பலசாலி என்று தெரிந்ததும் பயப்பட வேண்டிய இடத்தில் சந்தோஷப்படுகிறான், அந்தச் சந்தோஷம் குரலில் சின்னப் பையனுடையது. கோஹான் அப்படியில்லை. படிக்கிற பிள்ளை, மரியாதையாகப் பேசுகிறவன், அடிக்கவே தயங்குகிறவன். அவன் கோபம் வெளியே வரும்போது குரல் உடைகிறது, தொண்டையை அடைத்துக்கொண்டு வருகிறது. கோட்டெனுக்கு எல்லாமே விளையாட்டு, பலம் பன்மடங்காகும் சூப்பர் சயான் வடிவத்துக்கு மாறுவதுகூட நண்பன் ட்ரங்க்ஸோடு போட்டி போடுகிற விஷயம்தான், அவன் அடி வாங்கினால் முறையிடுகிற மாதிரிக் கத்துகிறான். பார்டாக்கின் வார்த்தைகள் கட்டையானவை, கரகரப்பானவை, ஒரு சொல்லையும் வீணடிக்காத சிப்பாய். டர்லஸ் இழுத்துப் பேசுகிறான், தன் அலட்சியத்தைத் தானே ரசிக்கிறான்.

கோகு பிளாக் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். கதையில் அவன் கோகுவின் உடம்புக்குள் உட்கார்ந்திருக்கிற வேறொரு ஆத்மா, தன்னைக் கடவுள் என்று நினைப்பவன். உடம்பு கோகுவுடையது என்பதால் குரலும் கோகுவுடையதாகத்தான் இருக்க வேண்டும், ஆனால் பேசுவது கோகு இல்லை என்று முதல் வரியிலேயே கேட்பவருக்குத் தெரிய வேண்டும். நொசாவா குரலைப் பெரிதாக மாற்றவே இல்லை. வேகத்தைத்தான் குறைக்கிறார். ஒவ்வொரு சொல்லையும் வைத்து நிறுத்தி, தன் பேச்சின் அழகில் தானே மயங்குகிறவன் போல முடிக்கிறார். கோகுவிடம் இருக்கிற அந்தத் திறந்தவெளி சுத்தமாக மூடிவிடுகிறது. கோகுவையும் கோகு பிளாக்கையும் எதிரெதிராக நிறுத்தி ஒரு மேட்ச் ஆடுங்கள், ஒரு நடிகை தனக்கு எதிராகத் தானே நின்று சண்டை போடுவதைக் கேட்கலாம். என் கணக்கில் இந்த கேமின் ஆகச் சிறந்த அனுபவம் அதுதான், ஸ்டோரி மோடின் எந்தப் பெரிய காட்சியும் அதற்கு ஈடாகாது.

இணைவு கேரக்டர்களிலும் விஷயம் இருக்கிறது. வெஜிட்டோவும் கோஜிட்டாவும் கோகு, அவன் போட்டியாளன் வெஜிட்டா இருவரும் சேர்ந்து ஆனவர்கள் என்பதால் நொசாவாவும் வெஜிட்டாவுக்குப் பேசும் ரியோ ஹோரிகாவாவும் ஒரே வரியைச் சேர்ந்து சொல்கிறார்கள். கோட்டெனும் ட்ரங்க்ஸும் இணைந்த கோட்டெங்க்ஸுக்கு நொசாவாவும் ட்ரங்க்ஸுக்குப் பேசும் தகேஷி குசாவோவும். டிவி ஸ்பீக்கரில் கேட்டால் வெறும் இரட்டைக் குரல் எஃபெக்ட் மாதிரித்தான் இருக்கும். ஹெட்ஃபோனில் கேட்டால் ஹோரிகாவாவின் கர்வமும் நொசாவாவின் குதூகலமும் ஒரே சொல்லுக்குள் பக்கத்தில் பக்கத்தில் ஓடுவது தெரியும். வெஜிட்டோ ஏன் இவ்வளவு திமிராக, அதே சமயம் இவ்வளவு ஜாலியாக இருக்கிறான் என்பதற்கு விளக்கமே தேவையில்லை.

இவரது பயணம் தெரிந்தால் இந்தக் கேமைக் கேட்கும் விதமே மாறும் என்பதால் அதையும் சொல்கிறேன். நொசாவா குழந்தை நட்சத்திரமாக சினிமாவில் தொடங்கி நாடகக் குழுவில் வளர்ந்தவர். 1950-களில் ஜப்பானில் டிவி வந்த புதிதில் வெளிநாட்டுத் தொடர்களுக்கு டப்பிங்கை நேரலையாகச் செய்தார்கள். படம் ஓட ஓட ஸ்டூடியோவில் நடிகர்கள் பேசுவார்கள், அது அப்படியே ஒளிபரப்பாகும், தப்பு நடந்தால் திருத்த வழியில்லை. சிறுவன் பாத்திரத்துக்கு உண்மையான சிறுவனை உட்கார வைப்பது ஆபத்து. கொஞ்சம் பெரிய பையன் என்றால் குரல் உடைந்துவிடும். எனவே வயது வந்த பெண்களை வைத்துச் சிறுவர்களைப் பேச வைக்கும் யோசனை வந்தது. அந்த வாசல் வழியாகத்தான் நொசாவா இந்தத் தொழிலுக்குள் வந்தார், அதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இன்று அனிமேயில் பையன்களுக்குப் பெண்கள் பேசுவதை யாரும் கேள்வி கேட்பதில்லை, அந்த வழக்கத்தின் வேர் இந்த நேரலைக் காலத்தில் இருக்கிறது.

முதல் பெரிய கதாநாயக வேடம் 1968-இல், ‘கெகெகெ நோ கிட்டாரோ’. பேய்களுக்கும் மனிதர்களுக்கும் நடுவில் நிற்கிற கிட்டாரோ என்ற சிறுவன். அப்புறம் 1970-களில் வரிசையாக வந்துகொண்டே இருக்கின்றன: 1973-இல் வந்த முதல் டோராமோன் தொடரின் பிற்பகுதியில் டோராமோனே இவர்தான் (இன்று நமக்குத் தெரிந்த டோராமோன் 1979-இல் வேறு நடிகையோடு புதிதாகத் தொடங்கியது), 1978-இல் ‘கேலக்ஸி எக்ஸ்பிரஸ் 999’இல் விண்வெளி ரயிலில் பயணம் செய்யும் டெட்சுரோ, 1980-இல் டாம் சாயர். எல்லாம் சிறுவர்கள், எல்லாரும் வெளியே போகத் துடிப்பவர்கள். கிட்டாரோ விஷயத்தில் இன்னொன்றும் நடந்தது. 2018-இல் அந்தக் கதை ஆறாவது முறையாக டிவி தொடராக வந்தபோது, கிட்டாரோவாக மியுகி சவாஷிரோ பேச, நொசாவா அவன் அப்பாவாகப் பேசினார். முன்பு 1968 முதல் அந்த அப்பா பாத்திரத்துக்குக் குரல் கொடுத்தவர் இசாமு தனோநாகா. அவர் 2010-இல் இறந்துவிட்டார். அவரோடு மகனாகப் பேசிய நொசாவா, அரை நூற்றாண்டு கழித்து அவரது இடத்தில் நின்றார். எனக்கு இந்தத் தகவல் முதலில் தெரிந்தபோது அந்தத் தொடரை உடனே தேடிப் பார்க்கத் தோன்றியது, பார்க்கவும் செய்தேன், கோகுவின் சாயல் துளியும் இல்லாத ஒரு கீச்சுக் குரல் கிழவர்.

1986 பிப்ரவரியில் டிராகன் பால் தொடங்கியது. ஆடிஷன் ஒலிநாடாவைக் கேட்டு கோகுவுக்கு இவரைத் தேர்ந்தெடுத்தவர் கதையை வரைந்த அகிரா தோரியாமாவே. அப்போது கோகு வால் வைத்த சின்னப் பையன், எனவே நொசாவா இயல்பான தேர்வு. பிரச்சினை வந்திருக்க வேண்டியது கோகு வளர்ந்தபோது. கல்யாணம் ஆகிறது, தோள் அகலமாகிறது, 1989-இல் டிராகன் பால் ஜீ தொடங்கும்போது கையில் குழந்தை. வேறு எந்தத் தொடராக இருந்தாலும் இந்த இடத்தில் ஆண் நடிகர் ஒருவரைக் கொண்டுவந்திருப்பார்கள். இங்கே அதே குரல் அப்படியே தொடர்ந்தது, கூடவே மகன் கோஹானும் இவர் கைக்கே வந்தான். பிறகு இரண்டாவது மகனும்.

வெளிநாட்டு ரசிகர்கள் பலருக்கு இதுதான் ஒட்டாத இடம். இத்தனை தசை வைத்த ஆளுக்கு இப்படி ஒரு மெல்லிய குரலா என்று கேட்கிறார்கள். ஆங்கில டப்பிங்கில் பழகியவர்களுக்கு அது நியாயமான அதிர்ச்சி, ஷான் ஷெம்மலின் கோகு ஒரு முழு வீரன், 1999-இலிருந்து அந்தக் குரலோடு வளர்ந்த தலைமுறை இருக்கிறது, அவரது கத்தலுக்கு இருக்கும் பலத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் கோகு என்ற பாத்திரத்தை யோசித்துப் பாருங்கள். உலகத்தைக் காப்பாற்ற வேண்டும் என்ற பெரிய நோக்கம் அவனுக்கு எப்போதும் இரண்டாம்பட்சம்தான், பலமானவன் ஒருவன் கிடைத்தால் மோதிப் பார்க்க வேண்டும், நல்ல சாப்பாடு வேண்டும், அவ்வளவுதான். செல் என்ற வில்லனோடு நடக்கும் சண்டையில் தன் சின்ன மகனை முன்னால் தள்ளிவிட்டு அவன் பயப்படுவான் என்றே தோன்றாமல் நிற்கிறவன். உடம்பு வளர்ந்து உள்ளே பையனாகவே நின்றுவிட்ட ஒரு மனிதனுக்கு, சிறுவயதில் இருந்த அதே குரல்தான் சரி. ஆழமான ஆண் குரல் வைத்தால் அவன் பொறுப்பான அப்பாவாகத் தெரிவான், அது வேறு கதை ஆகிவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. ஆங்கிலத்தில் கோகுவுக்கு ஒருவர், பார்டாக்குக்கு ஒருவர், சின்ன கோஹானுக்கு ஒருவர், வளர்ந்த கோஹானுக்கு இன்னொருவர் என்று குரல்கள் பிரிந்துவிடுகின்றன. ஒவ்வொருவரும் நன்றாகவே செய்திருக்கலாம். ஆனால் அப்பா, மகன், பேரன் மூவரின் ரத்தமும் ஒன்று என்பது காதுக்குக் கேட்காது. ஜப்பானியத்தில் அது கேட்கிறது.

அனிமே பதிவில் நடிகர்கள் ஒரே அறையில் சில மைக்குகளுக்கு முன்னால் முறை மாற்றி வந்து நின்று, திரையில் ஓடும் படத்தைப் பார்த்துப் பேசுவது வழக்கம். கோகுவும் கோஹானும் கோட்டெனும் ஒரே காட்சியில் பேசினால் நொசாவா தனித்தனியாகப் பதிவு செய்யாமல் ஒரே ஓட்டத்தில் மூவராகவும் பேசிவிடுவார். படத்தைப் பார்த்தால் குரல் தானாக மாறிவிடுகிறது என்றே அவர் விளக்குகிறார். மூலக்கதையான மங்காவை (ஜப்பானிய காமிக்ஸ்) முன்கூட்டியே படிப்பதில்லை, கோகுவுக்குத் தெரியாதது தனக்கும் தெரிய வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார். கேம் பதிவு பொதுவாக இதற்கு நேர்மாறு. எதிரே சக நடிகர் கிடையாது, பெரும்பாலும் படமும் கிடையாது, வரிகளின் பட்டியல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு தனியாக நின்று பேச வேண்டும். சின்ன அடிக்கு ஒரு முனகல், பெரிய அடிக்கு ஒரு கத்தல், கீழே விழும்போது ஒன்று, எழும்போது ஒன்று, சக்தி ஏற்றும்போது நீளமாக ஒன்று. தொண்டைக்கு இதைவிடக் கடினமான வேலை இந்தத் துறையில் இல்லை. இப்படி கேம்களில் ஒரே பாத்திரத்துக்கு மிக நீண்ட காலம் குரல் கொடுத்தவர் என்று 2017-இல் கின்னஸ் அவரை அங்கீகரித்தது: 23 வருடம் 218 நாள். அதற்குப் பிறகும் அவர் நிறுத்தவில்லை, இந்த கேம் அதற்குப் பிந்தையது.

வயது கேட்கிறதா என்று கேட்டால், கேட்கிறது. சும்மா மறைத்துப் பேசி என்ன ஆகப்போகிறது. 1990-களின் எபிசோடுகளில் கோகு சூப்பர் சயானாக முதல்முறை மாறும் காட்சியைக் கேட்டுவிட்டு இங்கே வந்தால், நீண்ட கத்தல்களின் முடிவில் மூச்சு முன்பை விடச் சீக்கிரம் தீர்வது தெரியும். உச்சத்தில் குரல் கொஞ்சம் மெலிகிறது. கோகு கையிலிருந்து சக்தியைப் பாய்ச்சும்போது கத்துகிற கமேஹமேஹாவில் முதல் நாலு அசைகளும் அதே கெட்டி, கடைசி ‘ஹா’வில் பழைய வெடிப்பு அவ்வளவு இல்லை. ஆனால் தாழ்ந்த குரல்கள் எல்லாம் முன்பை விட நன்றாக இருக்கின்றன என்பது என் அபிப்ராயம். பார்டாக்கின் கரகரப்புக்கு இப்போது உண்மையான பாரம் வந்திருக்கிறது. கோகு பிளாக்கின் நிதானம் இந்த வயதில்தான் முழுதாகக் கனிந்திருக்கிறது. சின்னப் பையன் குரல்கள் ஒட்டவே இல்லாமல் போகும் என்று நினைப்பீர்கள், அங்கேதான் ஆச்சரியம், கோட்டெனும் ஜிடி தொடரின் சின்ன கோகுவும் கொஞ்சமும் தளரவில்லை. 88 வயதை நெருங்கும் ஒருவர் ஏழு வயதுப் பையனாகச் சிரிக்கும் சிரிப்பில் நடிப்பின் தடமே தெரியவில்லை.

எபிசோட் பேட்டில் என்ற ஸ்டோரி மோடில் எட்டுப் பேரின் கதைகள் இருக்கின்றன: கோகு, வெஜிட்டா, கோஹான், பிக்கோலோ, எதிர்காலத்து ட்ரங்க்ஸ், ஃப்ரீசா, கோகு பிளாக், ஜிரென். எட்டில் மூன்று நொசாவாவுடையவை. சில இடங்களில் நீங்கள் எடுக்கும் முடிவால் கதை பிரிகிறது. கோகுவின் அண்ணன் ராடிட்ஸோடு மோதும் முன், பழைய எதிரி பிக்கோலோவோடு சேர மறுக்கலாம், அனிமேயில் நடக்காத ஒன்று நடக்கும். ரசிகனாக எனக்கு இந்தக் கிளைக் கதைகள்தான் பெரிய விருந்து. ஏனென்றால் அவற்றில் பேசப்படும் வரிகள் அந்தப் பழைய காட்சிகளில் கிடையாது, நாற்பது வருடப் பழக்கத்தை வைத்து ஒப்பிக்க முடியாதவை. புதிய சூழலில் கோகு எப்படி யோசிப்பான் என்று யோசித்துத்தான் பேச வேண்டும். அந்த இடங்களில் நொசாவா ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை.

அதே ஸ்டோரி மோடில் எனக்குக் குறையும் இருக்கிறது. கதையின் பெரும்பகுதி முழு அனிமேஷனாக இல்லாமல் நிற்கும் படங்களாகவும் மேலே ஓடும் குரலாகவும் வருகிறது. ஒருபக்கம் குரலை மட்டும் கவனிக்க இது வசதிதான், ஆனால் இவ்வளவு நல்ல நடிப்புக்கு அசையும் முகம் கொடுத்திருந்தால் எங்கேயோ போயிருக்கும். கதையை மிகச் சுருக்கிச் சொல்கிறார்கள், தொடரைப் பார்க்காதவர்களுக்குப் பாதி புரியாது. ஆரம்பத்திலேயே வரும் பெருங்குரங்கு வெஜிட்டா சண்டை கடினம், வெளியானபோது உலகம் முழுக்க அதைப் பற்றித்தான் புலம்பல். வீட்டில் இருவர் ஒரே திரையைப் பிரித்து ஆடும் வசதி, வெளியானபோது வெள்ளை வெளியான அந்தப் பயிற்சி அறை மைதானத்தில் மட்டும்தான் இருந்தது. அண்ணன் தம்பியாகச் சேர்ந்து விளையாட வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். அனிமேயின் பழைய பாட்டும் பின்னணி இசையும் வேண்டுமென்றால் அதற்குத் தனியாகக் காசு.

மற்ற குரல்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். ஃப்ரீசாவாக ரியூசெய் நகாவோ, மரியாதையான சொற்களால் கொலை மிரட்டல் விடுப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. பிக்கோலோவாகத் தோஷியோ ஃபுருகாவா, கிரில்லினாக மயூமி தனாகா. இந்த மயூமி தனாகாதான் ஒன் பீஸின் லூஃபி என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். செல்லாக நோரியோ வகாமோட்டோ. இவர்கள் எல்லாருமே 1980, 90-களிலிருந்து அதே பாத்திரங்களில் இருப்பவர்கள், எல்லாருக்கும் வயதாகிவிட்டது. கோகுவின் தோழி புல்மாவாக முப்பது வருடம் பேசிய ஹிரோமி சுரு 2017-இல் இறந்தார், இப்போது அயா ஹிசாகாவா பேசுகிறார். கதையைப் படைத்த தோரியாமாவே 2024 மார்ச் 1 அன்று, 68 வயதில் போய்விட்டார், இந்த கேம் வெளிவருவதைப் பார்க்கவில்லை. கேம் வெளியான அதே அக்டோபர் 11 அன்று ஜப்பானில் டிராகன் பால் டைமா தொடரும் டிவியில் தொடங்கியது, அதுவும் அவர் கடைசியாகக் கதை எழுதிக் கொடுத்தது, அதிலும் கோகு சின்னப் பையனாகிவிடுகிறான், அதிலும் பேசியவர் நொசாவாதான்.

இதனால்தான் இந்த கேமை வெறும் சண்டை கேமாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. நொசாவா கோகு குடும்பத்துக்குக் கொடுத்த அத்தனை குரல்களும் ஒரே இடத்தில், நாம் விரும்பிய வரிசையில், ஒன்றுக்கு எதிராக இன்னொன்றை நிறுத்திக் கேட்கும்படி வேறெங்கும் இல்லை. தொடர்களைத் தேடி நூற்றுக்கணக்கான எபிசோடு பார்க்க வேண்டும், அதிலும் டர்லஸுக்கு ஒரு படம், பார்டாக்குக்கு ஒரு தனி எபிசோடு என்று அலைய வேண்டும். இங்கே ஒரே மெனுவில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள்.

தமிழ் வாசகர்களுக்கு ஒன்றிரண்டு விஷயம். 2022-இல் கார்ட்டூன் நெட்வொர்க்கில் டிராகன் பால் சூப்பர் தமிழில் வந்தது, பிள்ளைகள் பலர் கோகுவை அப்படித்தான் முதலில் கேட்டிருப்பார்கள். கேமில் தமிழ்க் குரல் கிடையாது, ஜப்பானியமும் ஆங்கிலமும் மட்டும்தான், எழுத்திலும் தமிழ் இல்லை. எனவே ஜப்பானியக் குரலும் ஆங்கில எழுத்தும் என்று வைத்துக்கொள்ள வேண்டும். சண்டையின் நடுவில் பேசும் வரிகளைப் படிக்க நேரம் கிடைக்காது, கண் எதிராளி மேல் இருக்கும், பரவாயில்லை, முதலில் வார்த்தையை விட்டுவிட்டுக் குரலை மட்டும் பிடியுங்கள். சண்டை தொடங்கும் முன் சில ஜோடிகளுக்கென்றே தனி உரையாடல் வைத்திருக்கிறார்கள், அதை அவசரப்பட்டு ஸ்கிப் செய்யாதீர்கள்.

யாருக்கு இது வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். டிராகன் பால் பற்றி ஒன்றுமே தெரியாமல் நல்ல சண்டை கேம் ஒன்று வேண்டும் என்று தேடுகிறவர்களுக்கு இதைவிடச் சமநிலையான கேம்கள் இருக்கின்றன. இங்கே சில கேரக்டர்கள் கதையில் பலசாலி என்பதாலேயே கேமிலும் பலசாலி. ஆன்லைனில் தரவரிசைக்காக விளையாடுகிறவர்களுக்கும் சலிப்பு வரலாம். ஆனால் சின்ன வயதில் கோகுவோடு சேர்ந்து கையை மடக்கி நின்றவர்கள், அனிமேயின் குரல் நடிப்பு என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள், நாடகத்திலோ டப்பிங்கிலோ வேலை செய்கிறவர்கள், இவர்களுக்குத் தயங்காமல் சொல்வேன். டப்பிங் கற்றுக்கொள்கிற பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், கோகு பிளாக்கின் வரிகளைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பாருங்கள், குரலைத் தொடாமல் ஆளை மாற்றுவது எப்படி என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ், பிசி மூன்றிலும் கிடைக்கிறது. வெளியான விலை அதிகம், அவசரம் இல்லையென்றால் தள்ளுபடி வரும்வரை பொறுத்து வாங்கலாம். கூடுதல் பேக்குகளில் டைமா பேக் மட்டும் குரலுக்காக வாங்கத் தகுந்தது, டைமா தொடரின் சின்ன கோகு அதில் வருகிறான். ஹெட்ஃபோன் கட்டாயம், பின்னணி இசையின் சத்தத்தை ஆப்ஷன்ஸில் கொஞ்சம் குறைத்துவிடுங்கள். எபிசோட் பேட்டிலில் கோகுவை முடித்ததும் கோஹானுக்குப் போங்கள். அப்பாவும் மகனும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் இடங்களை அங்கே உட்கார்ந்து கேட்கலாம்.